பம்பாய் நடனக் கூடமும் பெயர் மறைந்த இசைஞரும்



எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அரங்கேற்று காதையில் ஆடரங்கை அளந்து காட்டிய இளங்கோவடிகள் அத்துடன் நின்றாரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே வகுத்துரைத்தார். அரங்கேறியவள் மாதவி ஒருத்தி. அவளை ஆடச் செய்தோர் பலர். இந்த உண்மையை அக்காதை மறக்கவில்லை. இதனையே அளவுகோலாகக் கொண்டு கடந்த நூற்றாண்டின் நடனக் கூடம் ஒன்றை நோக்குதல் தகும்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா எழுப்பி, 1903இல் திறக்கப்பெற்ற பம்பாய் தாஜ்மகால் ஓட்டலின் நடனக் கூடமே அது. ஜாஸ் இசையின் கிளையாகிய ஸ்விங் 1930களின் நடுவில் அமெரிக்காவை ஆட்கொண்டது. குழுவினர் எழுதிய குறிப்பின்படி ஒருங்கே ஊதுவர். இடையே ஒருவர் மட்டும் தம் கற்பனைக்கேற்ப விரித்து வாசிப்பார். அத்தாளத்திற்கு மக்கள் இணை இணையாக ஆடுவர். நம் மரபின் மனோதர்மத்தோடு ஒப்புநோக்கத் தக்க முறை இது. 1935இல் லியான் அப்பே என்னும் கறுப்பின வயலின் கலைஞர் தம் குழுவோடு தாஜ் கூடத்திற்கு வந்தார். எக்காளக் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் ஆகியோர் தொடர்ந்தனர். வெதர்ஃபோர்ட் 1945இல் கல்கத்தாவில் காலரா நோயால் மறைந்தார்.

கடல் கடந்து வந்த இவர்கள் தம் நாட்டில் இனப்பாகுபாட்டிற்கு ஆளானவர்கள். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப்பில் ஆடுவோரும் வாசிப்போரும் கறுப்பினத்தார், காண்போரோ வெள்ளையர். அதே பகுதியில் 1926இல் திறக்கப்பெற்ற சவாய் நடனக் கூடம் இரு நிறத்தாரையும் ஒரே தளத்தில் ஆடவிட்டது. கலைக்கூடத்தின் பெருமை அதன் விளக்குகளில் இல்லை. வாயிலில் யாரைத் தடுத்தது, யாரை வரவேற்றது என்பதில்தான் உள்ளது.

பம்பாயில் இவ்விசையைக் கற்றுக்கொண்டோர் பெரும்பாலும் கோவாவைச் சேர்ந்தவர்கள். தேவாலயப் பள்ளிகளில் மேலை இசைக் குறிப்பை இளமையிலேயே பயின்றவர்கள். மிக்கி கொரேயாவின் குழு 1939 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் தாஜில் வாசித்தது. சிக் சாக்லேட் என்று பெயர் பெற்ற அந்தோனியோ சேவியர் வாஸ் எக்காளத்தில் புகழ் ஈட்டினார்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. வெள்ளை அதிகாரிகள் கப்பலேறினர். 1949இல் இயற்றப்பெற்ற பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இரவு விடுதிகளின் வருவாயைச் சுருக்கியது. இசைஞர் பலர் திரைப்படக் கூடங்களில் பிழைப்பைத் தேடினர். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதனைக் குறிப்பாக எழுதி, எந்தக் கருவி எங்கே சேர வேண்டும் என வகுத்தவர்கள் இவர்களே. ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’ என்னும் தமிழ்ப் படங்களில் இசைப்பணியைத் தொடங்கிய சி. ராம்சந்திரா, 1951இல் ‘அல்பேலா’ படத்தில் சிக் சாக்லேட்டின் துணையோடு ஸ்விங் இசையை இந்தித் திரைக்குக் கொணர்ந்தார். நடனக் கூடத்தில் செல்வர் மட்டும் கேட்ட இசை, கொட்டகைத் தரையில் அமர்ந்த ஏழைக்கும் உரிமையாயிற்று.

ஆனால் உழைத்தவர் பெயர் திரையில் பெரும்பாலும் வரவில்லை. வந்தாலும் உதவியாளர் என்ற அளவிலேயே நின்றது. அந்தோணி கொன்சால்வெஸ் என்னும் வயலின் ஆசிரியரின் பெயர் 1977இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’யின் நாயகனுக்குச் சூட்டப்பெற்றது. அப்படத்திற்கு இசையமைத்த இருவருள் ஒருவரான பியாரேலால் அவருடைய மாணவர். அப்பெயரைப் பாடித் திரிந்த மக்களோ அப்படியொரு மனிதர் வாழ்ந்ததையே அறியார். தமிழகத்தில் இளையராஜாவுக்கு மேலை இசைக் குறிப்பைக் கற்பித்த தன்ராஜ் மாஸ்டரின் பெயரும் மாணவரின் நன்றியுணர்வாலேயே பலருக்குத் தெரிய வந்தது. நன்றியுள்ள மாணவர் வாய்க்காத இசைஞரின் நிலை என்ன?

இவ்வினா பம்பாய்க்கு மட்டும் உரியதன்று. இளையரசனேந்தலைச் சூழ்ந்த கரிசல் ஊர்களின் கொடை விழாக்களில் நையாண்டி மேளம் முழக்கியவர் எத்தனையோ பேர். ஆடியவரைப் போற்றும் ஊர், தவில்காரரின் பெயரை ஒரு தலைமுறைக்குள் இழந்துவிடுகிறது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தார், அடுத்த பத்தாண்டில் ஊர் ஊராகச் சென்று அப்பெயர்களைக் கேட்டெழுதித் தொகுப்பாராக. முதியோர் உள்ளபோதே தொடங்க வேண்டிய பணி அது. பெயர் கிடைக்காதவிடத்து, இளங்கோ செய்தவாறு அவர் தொழிலின் திறத்தையேனும் எழுதி வைத்தல் கவிஞர் கடன்.