கடலில் ஊனமுற்றார் உரிமை

(விளாங்குடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைகைக் கரையில் வாழும் நமக்குக் கடலைப்பற்றிய பேச்சு எற்றுக்கு என்று சிலர் வினவலாம். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் கப்பற்பணியை நாடும் இந்நாளில், நடுக்கடலில் நேரும் விபத்து விளாங்குடித் தெருவிலும் அழுகுரல் எழுப்ப வல்லது. கப்பலில் கையோ காலோ இழந்து மீள்வோனுக்குச் சட்டம் தரும் ஈட்டுத்தொகை யாது, அதனைப் பெறும் நெறி யாது என்பவற்றையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

ஈட்டுத்தொகை முதலாளி இரங்கி இடும் பிச்சையன்று, தொழிலாளியின் உரிமையாகும். 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அதனை நிலைநாட்டிற்று. மாலுமிகளுக்கெனத் தனிப்பிரிவும் அதன்கண் அமைந்தது. விபத்தும் ஊனமும் கப்பலிலேயே நேர்ந்தால், மாலுமி தனியே அறிவிப்புக் கொடுக்க வேண்டுவதில்லை என்றது அப்பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது, ஈட்டுரிமையோ அழிந்திலது.

இனித் தொகையை நோக்குவோம். முழு ஊனத்திற்கு, மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதிற்குரிய எண்ணாற் பெருக்குதல் முறை. 30 வயதிற்கு அவ்வெண் 207.98. பழைய சட்டத்தின்கீழ் 2020 ஜனவரி 3 முதல் கணக்கிற் கொள்ளப்பட்ட உச்ச ஊதியம் 15,000 ரூபாய். அவ்வாறாயின் 30 வயதினனுக்கு முழு ஊனத்தொகை 18,71,820 ரூபாய். கட்டைவிரல் ஒன்றை இழந்தார்க்கு அட்டவணை கூறும் ஊனம் 30 விழுக்காடு. தொகை 5,61,546 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இவ்விடத்தேதான் வழக்குப் பிறக்கிறது. அளக்கவேண்டுவது உறுப்பின் இழப்பையோ, பிழைப்பின் இழப்பையோ? 1968 ஆம் ஆண்டில், சினிமாக் கொட்டகை வேலையில் விழுந்த ஒரிஸ்ஸாத் தச்சர் ஒருவர் இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். அது பகுதி ஊனமே என வாதித்தார் முதலாளி. ஒரு கையாற் தச்சுவேலை நடவாது. ஆதலின் அது முழு ஊனமே என 1975 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாலுமிக்கும் இந்நியாயம் பொருந்தும் என்பது எம் கருத்து. அலையில் ஆடும் தளத்தில் வடம் இழுக்கவும் ஏணி ஏறவும் இயலாதவனை எக்கப்பல் ஏற்கும்? கரையில் நடமாட வல்லான் என்பதுபற்றிக் கடற்பணிக்கும் வல்லான் எனல் முறையன்று. ஆதலின், அவன் செய்த வேலை யாது, அதனை இனிச் செய்யவொண்ணுமோ என்பது மருத்துவச் சான்றில் விளங்க எழுதப்பெறுதல் வேண்டும்.

இந்தியா 2015 இல் ஏற்றுக்கொண்ட 2006 ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் நமக்குத் துணையாகும். 2017 ஜனவரி 18 இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், ஒப்பந்தத்தொகையைத் தாமதமின்றி முழுதும் தருக எனவும், குறைத்துப் பெறும்படி மாலுமியை நெருக்கலாகாது எனவும் விதிக்கின்றது. எனினும், வறுமையின் கொடுமையால், “முழுத்தீர்வு” என்றெழுதிய தாளில் படியாமலே கையொப்பமிடுவார் உளர். அது தம் குடும்பத்தின் வாயில் தாமே மண்ணிடுவது போலும்.

ஆதலின் இளைஞர்காள்! கப்பலேறுமுன் பணி ஒப்பந்தத்தின் படியொன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். சிறு காயமாயினும் கப்பற் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். துறைமுக மருத்துவர் தரும் சீட்டுக்களைப் பேணுங்கள். மனுக்கொடுக்க மும்பைக்கு அலைய வேண்டுவதில்லை. தாம் வாழும் இடத்திற்குரிய அதிகாரியிடமே கொடுக்கலாம். விபத்து நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் கொடுத்தல் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கற்றவர் கல்லாதவர்க்கு மனு எழுதிக்கொடுத்தலும் கல்விப்பயனே. நம் சங்கத்தார் இப்பணிக்கென மாதம் ஒருநாள் ஒதுக்குவாராயின், ஊனமுற்று மீளும் பிள்ளை பிறர் கையை எதிர்பாராது வாழ்வான்.