வரிப்பணத்தில் வக்கீல் யாருக்கு?



இன்று நவம்பர் 9. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது இந்த நாளில்தான். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 1987-இல். எட்டு ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்த சட்டம் அது. அதன் பெருமைகளைப் பேச எனக்குப் பின்னால் நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். டீக்கடையிலும் பேருந்திலும் நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

“நாங்க கட்டுற வரியில கொலைகாரனுக்கு வக்கீலா?”

இப்படிக் கேட்பவரை நான் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். கேட்பவர் பெரும்பாலும் யார்? மனைவியின் நகையை அடகு வைத்து, தன் நிலத்தகராறுக்கு வக்கீல் ஃபீஸ் கட்டியவர். வாய்தாவுக்கு வாய்தா கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் நின்றவர். அவர் மனத்துக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: “அவனுக்குக் கிடைச்சது எனக்கு ஏன் கிடைக்கலை?” முதல் கேள்விக்கு நான் உடன்பட மாட்டேன். இரண்டாவது கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு எப்போதும் யாரிடமிருந்து பிடுங்குவது என்று முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 12-ஆம் பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், ஆள்கடத்தலுக்கும் கொத்தடிமைக்கும் ஆளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதிக் கொடுமை, ஆலை விபத்து போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாரிடமும் சம்பளம் என்ன என்று சட்டம் கேட்பதில்லை. இந்த வகைகளில் வராத மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வருமான வரம்பு.

இதில் பலரை உறுத்துவது ‘காவலில் இருப்பவர்’ என்ற வகைதான். எனக்கோ இந்தச் சட்டத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது.

மதுரையில் நின்று இதைப் பேசும்போது கோவலனைச் சொல்லாமல் இருக்க முடியாது. புகாரின் பெருவணிகன் மகன். மதுரைக்கு வந்தபோது அவன் கையில் இருந்தது மனைவியின் காற்சிலம்பு. ஒரு பொற்கொல்லனின் சொல், ஓர் அரசனின் அவசரம், ஒரு காவலனின் வாள். கண்ணகி கொண்டுவந்த சாட்சியம் மறுக்க முடியாதது. சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, அரசனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தச் சாட்சியம் அவைக்கு வந்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

இன்றைய சட்டத்தில் கோவலன் எந்த வகையில் வருவான்? குலத்தைப் பார்த்தால் செல்வன். குடும்பச் சொத்தைக் கணக்கிட்டால் எந்த வரம்புக்கும் மேலே. வருமானச் சான்றிதழ் கேட்டால் அவனுக்கு ஒரு வக்கீலும் கிடைத்திருக்க மாட்டார். அவன் காவலர் கையில் சிக்கியவன், வேற்றூர்க்காரன், தனியாள். அந்த ஒரு காரணமே போதும் என்கிறது 12-ஆம் பிரிவு. உள்ளே இருப்பவனால் சம்பாதிக்க முடியாது, ஆவணம் தேட முடியாது, சாட்சியைப் போய்ப் பார்க்க முடியாது. வெளியே அவன் பேரில் வீடு இருந்தென்ன, நிலம் இருந்தென்ன?

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார் சிறைகளின் நிலை உச்ச நீதிமன்றத்துக்கு முன்னால் வந்தது. குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அனுபவித்திருக்க வேண்டிய அதிகபட்சத் தண்டனையைத் தாண்டியும், விசாரணையே முடியாமல் உள்ளே கிடந்தவர்கள் இருந்தார்கள். இதை நாளிதழில் எழுதி வெளியே கொண்டுவந்தவர் ருஸ்தம்ஜி. அவர் காவல் துறை அதிகாரியாக வாழ்ந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். குற்றவாளிகளைப் பிடிப்பதே தொழிலாக இருந்த ஒருவருக்குத்தான், இவர்களுக்கு வக்கீல் இல்லாதது அநியாயம் என்று பட்டது. இன்றைக்கும் நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவர்கள். அவர்களைக் ‘கொலைகாரன்’ என்று அழைக்க உங்களுக்கும் எனக்கும் யார் உரிமை கொடுத்தது?

1986-இல் சுக் தாஸ் வழக்கு. அருணாச்சலப் பிரதேசத்தில் ஒரு மனிதர், வக்கீல் இல்லாமலே விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். “அவர் கேட்கவில்லையே” என்று சொல்லப்பட்டது. கேட்கலாம் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 2012-இல் கசாப் வழக்கு. இந்த நாடே வெறுத்த ஒருவன் அவன். அந்தத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் ஒரு விதியை உறுதியாகச் சொன்னது: கைதானவரை முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உனக்கு உண்டு, வசதி இல்லை என்றால் அரசு தரும் என்று மாஜிஸ்திரேட்டே சொல்லியாக வேண்டும். மோசமானவனுக்கே அந்தக் கதவு திறந்திருந்தால்தான், நாளை பொய் வழக்கில் சிக்கும் உங்கள் பிள்ளைக்கும் அது திறந்திருக்கும்.

அடுத்தது பெண்கள். “லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இலவசமா?” என்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் நியாயமான கேள்விதான். வீட்டுக்குள் பாருங்கள். சம்பளம் அவள் பெயரில் வரும், ஏ.டி.எம். கார்டு கணவன் பையில் இருக்கும். வீட்டுப் பத்திரம் மாமனார் பீரோவில் இருக்கும். நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் பெண்ணிடம் வருமானச் சான்றிதழ் கேட்பது கொடுமை. வசதியுள்ள பெண் தனக்குப் பிடித்த வக்கீலைத் தானே வைத்துக்கொள்வாள். அவள் ஒருத்தி வந்துவிடக்கூடும் என்பதற்காக ஆயிரம் பேரை வாசலில் நிறுத்திச் சோதிக்கலாமா?

இங்கிலாந்து அப்படிச் சோதித்துப் பார்த்தது. 1949-இல் சட்ட உதவிக்கு வழிகாட்டிய நாடு அது. 2012-இல் ஒரு சட்டம் போட்டு, மறு ஆண்டு ஏப்ரலிலிருந்து விவாகரத்து, குழந்தைப் பராமரிப்பு போன்ற பெரும்பாலான குடும்ப வழக்குகளை அந்த உதவியிலிருந்து நீக்கியது. அடி வாங்கிய பெண்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் நடந்ததற்குக் காகிதச் சான்று காட்ட வேண்டும் என்றது. அந்தக் கால நிபந்தனை செல்லாது என்று 2016-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடுவோர் குடும்ப நீதிமன்றங்களில் பெருகினார்கள்.

இப்போது அந்த டீக்கடை நண்பருக்கு வருகிறேன். அவருக்காகத்தான் நான் அதிகம் வருந்துகிறேன். தமிழ்நாட்டில் வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். மாதம் 25,000. உச்ச நீதிமன்றத்து வழக்குக்கு வரம்பு 5 லட்சம். ஆண்டுக்கு 4 லட்சம் வரும் ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். மேலூர் நீதிமன்றத்தில் அவர் வசதியானவர். அதே வழக்கு டெல்லிக்குப் போனால் ஏழை! அங்கே போய்ச் சேரும் வரைக்கும் அவர் நிலம் அவரிடம் இருக்குமா? வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, மருத்துவச் செலவு என்ன, வழக்கில் போகப்போவது ஒரு சைக்கிளா, குடியிருக்கும் வீடா, இவை எதையும் அந்த ஒற்றை எண் பார்ப்பதில்லை. 25,000 வாங்குபவருக்கு முழு உதவி, 26,000 வாங்குபவருக்கு ஒன்றுமில்லை என்பது நியாயமே இல்லை. வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர் ஒரு பங்கைத் தானே கட்டட்டும், மீதியை அரசு ஏற்கட்டும். இங்கிலாந்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தப் பங்களிப்பு முறை இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் மக்கள் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் வழக்கின் கெடுவே கடந்துவிடும். சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். வருமானத்தைப் பற்றி மனுதாரர் தரும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கலாம், அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால் தவிர. சட்டம் காட்டிய நம்பிக்கையை அலுவலக மேசைகளும் காட்டட்டும்.

வழக்கறிஞர் நண்பர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. தகுதியைக் கூட்டினால் மட்டும் போதாது. “இலவச வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்” என்ற பேச்சு மக்களிடம் இருக்கிறது. குறைந்த ஊதியத்தில் கூடுதல் வழக்குகளைத் தலையில் கட்டினால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். 2022-இல் முழுநேர சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்களை அமர்த்தும் முறை வந்திருக்கிறது. அது வேரூன்ற நல்ல ஊதியம் வேண்டும். வழக்கை ஏற்கவே மறுப்பது இன்னொரு தடை. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் வந்தபோது, அந்தப் போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010-இல் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்றது. காக்கிச் சட்டைக்காரருக்கும் ஒரு நாள் வக்கீல் கிடைக்காமல் போகலாம் என்று காட்டிய வழக்கு அது.

12-ஆம் பிரிவின்படி வருமான வரம்பை உயர்த்தும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். தமிழ்நாட்டில் இந்த வரம்பை உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள 5 லட்சத்துக்காவது உயர்த்த வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருத்த வேண்டும். வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்குப் பங்களிப்பு முறை வேண்டும். பிரமாணப் பத்திரம் போதும் என்று எல்லா வட்டச் சட்டப் பணிகள் குழுக்களுக்கும் சுற்றறிக்கை போக வேண்டும். காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இவர்களுக்கு இன்று உள்ள உரிமையில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது. நகல்கள் முன்வரிசையில் இருக்கின்றன. வழிமொழிபவர்கள் மேடைக்கு வாருங்கள்.