வாடும் காயும் வடியும் சத்தும்

ஊர்காவற்றுறையை அடுத்த தீவுகளில் வாழ்வோர் பலர்க்குக் காய்கறி தொலைவழி கடந்து வரும் பொருளாகும். யாழ்ப்பாணச் சந்தையிற் கொண்ட பயிற்றங்காய் பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கு வருகிறது. நெடுந்தீவுக்காயின் புங்குடுதீவையுந் தாண்டிக் குறிகட்டுவானிற் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டும். காய் வீடு சேரும்போது அதன் சத்தும் உடன் சேர்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பறித்த காய் உயிரற்ற பொருளன்று. அது மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள வெல்லத்தைச் செலவிட்டு வெப்பத்தை வெளிவிடுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் இச்செயல் இரண்டு முதல் மூன்று மடங்கு விரைவாகும். ஆதலால் 30 பாகை வெப்பத்தில் ஒரு நாள் கிடந்த காய், 10 பாகைக் குளிரிற் பல நாள் இருந்த காயளவு முதிர்ந்துவிடும்.

எல்லாச் சத்தும் ஒருங்கே அழிவதில்லை. புரதம், நார்ப்பொருள், இரும்பு முதலியன பெரும்பாலும் நிலைத்திருக்கும். முதலிற் குறைவது உயிர்ச்சத்து 'சி'. ஒட்சிசன் அதனைச் சிதைக்கிறது. காய் வாடுந்தோறும் சிதைவு விரையும். ஃபோலேற்று என்னும் சத்தும் குறையும். கருவுற்ற மாதர்க்கு ஃபோலேற்று இன்றியமையாதது. பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உயிர்ச்சத்து 'சி' துணைபுரிகிறது. எனவே இவ்விழப்பு தாய்மாரையும் குழந்தைகளையுமே பெரிதும் பாதிக்கும்.

குளிர்ப்பெட்டி இருந்தாற் கவலையில்லை என்பாருமுளர். 4 பாகையில் 7 நாள் வைத்த போஞ்சி, உயிர்ச்சத்து 'சி'யில் ஏறத்தாழ முக்காற் பங்கை இழந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சைப் பட்டாணியின் இழப்போ மிகக் குறைவு. பட்டாணி 0 பாகைக் குளிரையும் தாங்கும். போஞ்சியும் பயிற்றங்காயும் தாங்கா. 5 பாகைக்குக் கீழே நெடுநாள் இருப்பின் அவற்றின் தோலிற் குழிவும் பழுப்புப் புள்ளியும் தோன்றும். ஆகவே அவற்றைப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்து, இரண்டு மூன்று நாளில் உண்டு முடித்தலே நன்று.

கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் என் செய்வது? முற்காலக் கப்பலோட்டிகள் உலர்ந்த பட்டாணியை உண்டும் சொறிகரப்பான் நோயால் மாண்டனர். உலர்ந்த பயறில் உயிர்ச்சத்து 'சி' இல்லையெனத்தக்க அளவே உண்டு. ஆனால் அதே பயறு முளைவிடும்போது அச்சத்து அதில் புதிதாகத் தோன்றுகிறது. முளைத்த பயறு வகைகள் அந்நோயைத் தடுக்கும் என்பதை ஹாரியட் சிக், எலன் டெல்ஃப் என்னும் ஆங்கில நாட்டுப் பெண் அறிஞர் இருவர் 1919இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியிற் கட்டிய ஒரு பிடி பயறு எந்தத் தீவிலும் முளைக்கும்.

ஏனைய நாள்களிற் செய்யவேண்டியவை எளியன. காலையிற் பறித்த காயையே கொள்க. படகில் வெயில் படாமல் ஈரச் சாக்கால் மூடிக் கொணர்க. கழுவியபின் அரிக, அரிந்தபின் கழுவற்க. சிறிதளவு நீரில், மூடிச் சமைக்க. அவித்த நீரைக் கொட்டாது சொதியிற் சேர்க்க. காசு கொடுத்துக் கொண்ட சத்து, வழியிலும் அடுப்படியிலும் வீணாகாது பிள்ளைகளின் உணவுத்தட்டைச் சேர்வதாகுக.