முடிச்சூரின் தண்ணீர்க் கணக்கு



2015 டிசம்பர் 1-ஐ இந்த மன்றத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு எடுத்த கணக்கின்படி, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் நம் தெருக்களில் படகு ஓடியது. இன்றும் யாரைக் கேட்டாலும், "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், அதனால் மூழ்கினோம்" என்கிறார்கள். ஐயா, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம். சைதாப்பேட்டைக்காரர்கள் அப்படிச் சொல்லலாம். முடிச்சூர் அந்தச் சேருமிடத்துக்கும் மேலே இருக்கிறது! நம் வீட்டுக்குள் நுழைந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை ஏரிகளின் பக்கமிருந்து வந்த தண்ணீர். நம்முடைய சொந்தத் தண்ணீர்.

இந்தத் தண்ணீரை நம்பித்தான் இந்த ஊர் பயிர் வைத்தது. காவிரி இல்லை, பாலாறு எட்டாது. செங்கல்பட்டுச் சீமை முழுக்க ஏரிப் பாசனம். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, மிச்சம் அடையாற்றுக்கு. மதகில் இரண்டு கல்தூண், நடுவே ஒரு கட்டை. ஏரித் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டி தண்ணீருக்குள் இறங்கி அதைத் தூக்கினால்தான் கழனிக்குப் பாய்ச்சல். எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் என்பது அவருக்கு மனப்பாடம். சம்பா அறுத்த பிறகும் ஏரியில் தண்ணீர் நின்றால் நவரை, அதற்கு மேலும் இருந்தால் சொர்ணவாரி. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டி வண்டியாக அள்ளுவார்கள். கழனிக்கு எரு, ஏரிக்கு ஆழம்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. தண்ணீரைக் காத்தவர்கள் பெரும்பாலும் சேரியில் இருந்தார்கள், அவர்கள் பெயரில் ஒரு குழி நிலம் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் அந்த மக்களின் நிலையை அறிக்கையாக எழுதிய பிறகுதான் அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் வந்தது.

பின்னாளில் கழனி மனையானது. நெல் விற்ற காசு கூலிக்கே போதவில்லை. மனையாக விற்றால் மகள் கல்யாணம் நடந்தது. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாய்க்காலை யார் விற்றது? அது யார் பட்டாவிலும் இல்லையே! கழனி போனதும் மதகைக் கவனிக்க ஆளில்லை. கலங்கலுக்குக் கீழே இருந்த போக்குக் கால்வாய் தெருவாகிவிட்டது. வழி கேட்டு வந்த தண்ணீர் நம் கூடத்தில் நின்றது.

வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கிறீர்கள். கூடவே கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏரியும் வாய்க்காலும் சர்வே எண்ணோடு அதில் இருக்கின்றன. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அந்த வரைபடத்தோடு மண்ணிவாக்கம் ஏரிக்கரையிலிருந்து அடையாறு வரை நடப்போம். கலங்கல் எங்கே இருந்தது, கால்வாய் எப்படிப் போனது என்று காட்ட, கழனியில் வேலை செய்த பெரியவர்கள் முன்னால் வர வேண்டும். வருகிறவர்களின் பெயர்களைக் குடியிருப்போர் சங்கங்கள் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.