நல்லூரும் தெனோச்தித்லானும்

(வாலாசாபாத்தில் தமிழன்பர்களிடையே நிகழ்த்திய பொழிவின் எழுத்துருவம்)



வாலாசாபாத்து என்னும் இவ்வூர்ப் பெயரில் தமிழ் இல்லை. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி பூண்டிருந்த பட்டப்பெயரும் ஊரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் கூடி ஆனது அது. பின்னர் ஆங்கிலேயர் இங்கே தம் படைவீட்டை அமைத்தனர். பாலாறு ஒன்றே பழம்பெயரோடு ஓடுகின்றது, ஓடும் நாள்களில்! வென்றவன் முதலில் பெயரை மாற்றுவான்; பிறகு கோயிலை மாற்றுவான்; கடைசியில் நாவை மாற்றுவான். இவ்வுண்மைக்கு உலகின் இரு கோடிகளில் நேர்ந்த இரு வீழ்ச்சிகள் சான்றாகின்றன. ஒன்று மெக்சிக்கோ நாட்டு அசுடெக்கரின் வீழ்ச்சி. மற்றொன்று நம் குருதி உறவினராகிய யாழ்ப்பாணத் தமிழரின் வீழ்ச்சி. முன்னதைப் பள்ளிப் பாடநூல்கள் கூறும். பின்னதை அவற்றில் தேடிக் காண்பதும் அரிது.

ஏரி நடுவே எழுந்த தெனோச்தித்லான் என்னும் மாநகரம் 1325-இல் தோன்றியதாக அம்மக்களின் மரபு கூறும். ஏரிச் சேற்றை அள்ளி மேடாக்கி, அதன்மேல் சோளமும் பூவும் விளைத்தவர் அவர். 1519 நவம்பர் 8-ஆம் நாள் கோர்த்தெசு என்னும் எசுப்பானியன் சில நூறு வீரரோடு அந்நகருள் நுழைந்தான். மொக்தெசுமா மன்னன் அவனை விருந்தினனாக வரவேற்றான். விருந்தினனோ மன்னனைச் சிறைபிடித்தான். 1521 ஆகத்து 13-இல் நகரம் வீழ்ந்தது. சில நூற்றுவரால் ஒரு பேரரசு வீழ்ந்ததெனச் சொல்வது வென்றவன் கட்டிய கதை. கோர்த்தெசுவின் பின்னே நின்றவர் தலசுக்கலர் முதலிய அந்நாட்டு மக்களே, பல்லாயிரவர். அசுடெக்கரின் திறைச்சுமையாலும் ஆட்பலியாலும் நெஞ்சு கொதித்திருந்தவர் அவர். ஆள்வோன் அண்டையாரைப் பகைத்தால், கடல்கடந்து வருபவனுக்குப் படை அந்நாட்டிலேயே கிடைத்துவிடும். எஞ்சியதை எசுப்பானியரோடு வந்த பெரியம்மை முடித்தது. மொக்தெசுமாவுக்குப் பின் அரியணை ஏறிய குயித்லாவாக்கு 1520-இல் அந்நோயாலேயே மாண்டான். கடைசி மன்னன் குவாவுத்தெமோக்கைக் கோர்த்தெசு 1525-இல் தூக்கிலிட்டான்.

இனி நம் கதைக்கு வருவோம். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண அரசின்மீது 1560-இல் கோவாவின் போர்த்துக்கீசிய ஆளுநன் கொன்சுதந்தீனோ கப்பற்படையோடு வந்தான். நல்லூர் அவன் கைப்பட்டது. ஆயினும் மக்கள் கிளர்ந்தெழவே அங்கு நிலைக்கமாட்டாமல் பின்வாங்கி, மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினான். அதற்கு முன்பு, 1544-இல் மன்னாரில் கிறித்தவம் தழுவிய பல நூறு தமிழரை முதலாம் சங்கிலி வெட்டுவித்தான். இதை மறைப்பது வரலாறாகாது. தன் குடிகளைத் தானே கொன்றவன், அக்குடிகளின் காவலனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பைப் பரங்கிக்கு அளித்துவிட்டான்.

1591-இல் பரங்கியர் மீண்டும் வந்து, மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தம் சொற்படி நடக்கும் அரசனாக அமர்த்தினர். அவன் 1617-இல் இறந்தபோது அடுத்து முடிசூட வேண்டியவன் சிறுவன். உரிமை கொண்டாடிய உறவினரைக் கொன்று இரண்டாம் சங்கிலி ஆட்சியைப் பற்றினான். நாட்டுக்குள்ளேயே அவனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. தஞ்சை இரகுநாத நாயக்கரின் படைத்துணை கொண்டே அதை அடக்கினான். மெக்சிக்கோவில் கண்ட அதே பிளவு இங்கும்! 1619 சூன் திங்களில் பிலிப்பு ஒலிவேரா படையோடு வந்தான். நல்லூர் வீழ்ந்தது. கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தலை துணிக்கப்பட்டான். அதன்பின் தஞ்சையிலிருந்து வந்த படைகளும் தோற்றன. ஈழத்தில் தமிழர் தம் கையால் ஆண்ட யாழ்ப்பாண முடி அத்துடன் மண்ணில் வீழ்ந்தது.

அடுத்துக் கோயில். 1621 பிப்ரவரியில் ஒலிவேரா நல்லூர்க் கந்தன் கோயிலை அடியோடு இடித்தான். அடுத்த சில ஆண்டுகளுக்குள் திருக்கோணமலையில் கடலை நோக்கி நின்ற கோணேசர் கோயிலை மற்றோர் ஆளுநன் கொன்சுதந்தீனோ தெ சா தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். அக்கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லையும் தமிழ்க் கல்வெட்டையும் இன்றும் காணலாம். தெனோச்தித்லானின் பெருங்கோயிற் கற்களும் எசுப்பானியர் கட்டிய தலைமைப் பேராலயத்தின் அடியில்தான் கிடக்கின்றன. இரு நாட்டிலும் மண் தான் விழுங்கியதை ஒருநாள் உமிழ்ந்தது. 1950-இல் திருக்கோணமலையில் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிற் படிமங்கள் வெளிப்பட்டன. 1978-இல் மெக்சிக்கோ மாநகரத் தெருவில் மின்வடம் பதிக்கக் குழி வெட்டிய தொழிலாளரின் கருவி, நிலாத்தெய்வத்தின் உருவம் செதுக்கிய மாபெரும் வட்டக்கல்லில் இடித்தது. இரண்டையும் கண்டறிந்தவர் அறிஞரல்லர், மண்வெட்டி பிடித்தவரே.

நல்லூர்க் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. அங்கே விழாவில் ஓதும் கட்டியத்தில் பழைய அரசன் புவனேகவாகுவின் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. மகிழலாம், ஆனால் அக்கட்டியம் வடமொழியில்! பரங்கி இடித்ததை மீட்டவர்க்கும் தமிழில் அரசனை வாழ்த்தத் தோன்றவில்லை.

அதன்பின் ஏடு. அத்திமரப் பட்டையிலும் மான்தோலிலும் ஓவிய எழுத்தால் வரைந்த அசுடெக்கரின் பொத்தகங்களை எசுப்பானியத் துறவியர் எரித்தனர். எஞ்சியவை மிகச் சிலவே. ஆனால் அவர்க்கு ஒரு நூற்றாண்டு முன்பே, இட்சுகோவாத்தல் என்னும் அசுடெக்கு மன்னனே, தன் குடிப்பெருமைக்கு ஒவ்வாத பழஞ்சுவடிகளைக் கொளுத்தினான் என்பர். ஆற்றில் விட்டும் அடுப்பில் இட்டும் ஏடுகளை அழித்த நம்மவர் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. எரித்த மெக்சிக்கோப் பேராயர் சுமார்ராகாவே, 1539-இல் அம்மக்களின் நாவாத்தல் மொழியில் சமய நூல் அச்சிடவும் செய்தார். சகாகூன் என்னும் துறவி அம்மொழியிலேயே அவர்தம் வாழ்வையெல்லாம் பன்னிரு நூல்களாக எழுதுவித்தார். 1577-இல் எசுப்பானிய அரசன் அவற்றைப் பறிமுதல் செய்யப் பணித்தான். அதற்கு மறு ஆண்டு, 1578-இல், கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ்நூலை அச்சேற்றினார். இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் முதலில் அச்சு கண்டது தமிழே. அவர் நோக்கம் மதமாற்றம். விளைவு தமிழுக்கு ஆக்கம். இதை ஒப்புக்கொள்வதால் தமிழுணர்வு குறைந்துவிடாது.

பரங்கியர் 1658-இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணத்தை இழந்து போயினர். சாவி, சன்னல், மேசை, அலமாரி, ஏலம், பீப்பாய் என்பன மட்டும் போகாமல் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன. திறவுகோலும் பலகணியும் இருக்கவே இவை நுழைந்தன. முடியிழந்த ஈழத்தார்க்கு ஏடிழக்கும் நாளும் பின்னால் வந்தது. 1981-இல் மே முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நாவாத்தல் ஏடுகளின் சாம்பலுக்கும் இதற்கும் இடையே 450 ஆண்டுகள்; எரித்தவர் நெஞ்சில் வேறுபாடில்லை.

நாவாத்தல் மொழிக்கு நேர்ந்தது யாது? 1770-இல் எசுப்பானிய அரசன் மூன்றாம் கார்லோசு, தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் எசுப்பானியமே நிலைக்கவும் பிறமொழிகள் மறையவும் ஆணையிட்டான். 2003-இல்தான் மெக்சிக்கோச் சட்டம் அப்பழம் மொழிகளுக்கு உரிய மதிப்பை மீண்டும் அளித்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாவாத்தல் பேசுவோர் 16 இலக்கத்திற்குச் சற்று மேல். ஒரு காலத்தில் அவர் நகரொன்றிலேயே இரண்டு இலக்கம் பேர் வாழ்ந்ததாகக் கணிப்போர் உளர்.

அந்நாட்டிலிருந்து பரங்கியர் கொணர்ந்த ஒரு காய் நம் அடுக்களையில் இருக்கின்றது. அதன் நாவாத்தல் பெயர் 'சில்லி'. ஆங்கிலேயன் அப்படியே எடுத்துக்கொண்டான். தமிழ்ப் பெண்டிரோ அதன் உறைப்பை நாவால் அறிந்து, மிளகோடு ஒப்பிட்டு, மிளகாய் என்றனர். உருண்டிருந்த கிழங்கை உருளைக்கிழங்கு என்றனர். எக்கழகமும் கூடவில்லை, எப்புலவனும் சொல்லாக்கப் பட்டியல் தரவில்லை. உழவனும் அவன் மனையாளும் ஆக்கிய சொற்கள் இவை.

இன்று ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உந்துவண்டிகள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. அவற்றைப் பூட்டி முடிப்பவருள் இவ்வட்டாரத்து உழவர் மக்களும் உளர். தாம் நாள்தோறும் தொட்டுப் பொருத்தும் உறுப்புகளுள் பத்துக்குத் தமிழ்ப்பெயர் கேட்டால் அவர் தடுமாறுவர். குறை அவருடையதன்று, சொல்லிக் கொடாதவருடையது. அவர்தம் பாட்டன் தன் மாட்டுவண்டியில் பெயரறியாத உறுப்பு ஒன்றையும் வைத்திருக்கவில்லை: குடம், ஆரக்கால், வட்டை, பட்டா, அச்சு, கடையாணி, நுகத்தடி, பூட்டாங்கயிறு.