ஆசாரியரைப் பாடிய ஆழ்வார்

திருமாலைப் பாடிப் பரவிய ஆழ்வார்கள் வரிசையில், தம் ஆசாரியரையே தெய்வமாகக் கொண்டு, அவர் புகழை மட்டும் பாடி நிறைவுற்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் திருக்கோளூரில் அவதரித்த மதுரகவியார்.

வேதசாஸ்திரங்களைக் கற்றுத் தேர்ந்து, வயது முதிர்ந்தபின் வடநாட்டு யாத்திரை சென்றிருந்த அவர், அயோத்தியில் தங்கியிருந்தபோது தென்திசையில் எழுந்த ஒரு பேரொளியைக் கண்டு, அதனையே வழித்துணையாகக் கொண்டு நடந்து, தாமிரபரணிக் கரையிலுள்ள திருக்குருகூரை வந்தடைந்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அவ்வூர்க் கோயிலில், இன்றும் அன்பர்கள் வலம்வருகிற புளியமரத்தின் அடியில், பிறந்தது முதல் வாய் திறவாமல் யோகத்தில் அமர்ந்திருந்தார் 16 வயது நம்மாழ்வார். கண்மூடியிருக்கும் இப்பிள்ளைக்குச் செவியேனும் கேட்குமோ என்று அறிய, வந்தவர் ஒரு கல்லைத் தூக்கிக் கீழே போட்டாராம், கண்கள் திறந்தன. ஜடமாகிய உடலுக்குள் புகுந்த ஜீவன் எதை அனுபவித்து எங்கே இருக்கும் என்ற அவருடைய வினாவுக்கு, ஒரே வரியில் விடையும் பிறந்தது. முதியவர் இளையவரின் திருவடியில் விழுந்து சிஷ்யரானார். நம்மில் பலரோ, குரு என்றதும் நரைத்த தாடியைத்தான் தேடுகிறோம்!

மதுரகவியார் பாடியவை 11 பாசுரங்களே. ஆயினும், பிற்காலத்தில் ஆழ்வார்களின் அருளிச்செயல்கள் வழக்கொழிந்திருந்த சமயத்தில், வைணவ ஆசாரியரான நாதமுனிகள் அந்தப் பதினொன்றையே 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரின் அனுக்கிரகத்தால் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் மீட்டுத் தந்தார் என்று வைணவப் பெரியோர் போற்றுவர்.