பொழுதுபோக்கும் வீட்டுக் கணக்கும்

(பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி கொண்டாடும் வேளையில் வீட்டுக் கணக்கைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தையோ ஓய்வூதியத்தையோ நம்பி வாழ்பவர்கள். நம்மில் பலருக்கு ஏதேனும் ஒரு பொழுதுபோக்கும் உண்டு. ஒருவருக்குப் புகைப்படம், ஒருவருக்கு வண்ண மீன், ஒருவருக்குப் புறா. பொழுதுபோக்கு தேவையே. அது மனச்சோர்வை நீக்குகிறது. நம்மை மதுக்கடைப் பக்கம் போகாமல் காக்கிறது. ஆனால் அது அரிசிப் பானையில் கை வைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, தபால்தலை சேகரிப்பைப் பார்ப்போம். காசு செலவின்றித் தொடங்கக்கூடியது இது. வந்த கடித உறையிலிருந்து தலையைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து உரித்து, உலர்த்தி வைத்தால் போதும். 1964-ல் புனித தோமையாருக்கும், 1980-ல் அன்னை தெரசாவுக்கும் நம் தபால் துறை தலைகள் வெளியிட்டது. அவற்றைச் சேர்ப்பதில் இன்பமும் உண்டு, அறிவும் உண்டு. பின்னர் முதல் நாள் உறை வேண்டும் என்கிறோம். விலையுயர்ந்த ஆல்பம் வேண்டும் என்கிறோம். கைப்பேசியிலேயே ஏலமும் கேட்கிறோம். ஒவ்வொன்றும் சிறு தொகைதான். மாதக் கடைசியில் கூட்டினால் மருந்துக் கடைக் கணக்கை மிஞ்சி நிற்கிறது!

“இது செலவல்ல, முதலீடு” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் 1840-ல் வெளிவந்தது. ஏறத்தாழ 6.8 கோடி அச்சிடப்பட்டதால், பழமை இருந்தும் அது அத்தனை அரிதானதல்ல. உலகில் ஒன்றே ஒன்றாக இருப்பதாகக் கருதப்படும் பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை, 2014-ல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2021-ல் 83 லட்சத்துக்குத்தான் போயிற்று. அதற்கே இந்தக் கதி என்றால், நம் ஆல்பத்தை நம்பி மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளிப்போடலாமா?

கடன் அட்டை இன்னொரு கண்ணி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று அது நயமாகச் சொல்லும். மீதிக்குப் பல அட்டைகளில் மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. 10,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 300 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகும். அதில் ஒரு தபால்தலைகூட வராது.

ஆகவே, நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலாவது, வாடகை, மளிகை, கல்வி, மருந்து, சிறு சேமிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பிறகே பொழுதுபோக்குக்குப் பணம் ஒதுக்குவோம். அத்தொகையைத் தனி உறையில் போடுவோம். உறை காலியானால் அந்த மாதம் ஆசைக்கும் விடுமுறை.

இரண்டாவது, பார்த்தவுடன் வாங்க வேண்டாம். பெயரை ஒரு தாளில் எழுதி முப்பது நாள் பொறுப்போம். பாதி ஆசைகள் தாமே அடங்கிவிடும்.

மூன்றாவது, புதிதாக ஒன்று வாங்குமுன் இருப்பதில் ஒன்றை விற்போம் அல்லது மாற்றிக்கொள்வோம்.

நான்காவது, எல்லையைக் குறுக்குவோம். உலகத் தலைகள் அனைத்தும் வேண்டாம்; பறவைகள் மட்டும், அல்லது ரயில்கள் மட்டும் போதும்.

ஐந்தாவதே முக்கியமானது: கணக்கை மறைக்க வேண்டாம். வந்த பார்சலை மனைவியின் கண்ணில் படாமல் பீரோவுக்குள் ஒளிக்கும் நாளில், நாம் இழப்பது பணத்தை மட்டுமல்ல. பணத்தை அடுத்த மாதம் ஈட்டலாம். உடைந்த நம்பிக்கையை ஈட்ட ஆண்டுகள் ஆகும். மாதம் ஒருமுறை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கைப் பார்ப்போம். இல்லத்தரசிக்கும் ஓர் ஆசை இருக்கும். அவருக்கும் ஓர் உறை வைப்போம்.

வருவாய் சிறிதாயினும், செலவு அதைவிடப் பெருகாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. வருமானத்தை உடனே கூட்ட நம் எல்லாராலும் இயலாது. செலவுக்கு வேலியிட எல்லாராலும் இயலும். இன்றிரவே ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, கடந்த மாதக் கணக்கை இல்லத்தாரோடு எழுதத் தொடங்குவோமாக!